"அலர்ஜி: இல்லை"ன்னு கம்ப்யூட்டர் சொன்னா நம்பலாமா?

1/ இன்னைக்கு இழை சுகர், பிரஷர் பத்தி இல்ல. டேட்டாபேஸ் பத்தி. "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்காதீங்க. என் கையால ஒரு உயிர் போயிருக்கக்கூடிய கதை இது. கொஞ்சம் நீளம். கடைசி வரை படிங்க.

2/ என் கிளினிக் திருவண்ணாமலையில, ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டை ஒட்டின ஒரு சந்துல இருக்கு. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில வாசல் முழுக்க கால் காட்ட வந்தவங்கதான். 14 கிலோமீட்டர் வெறுங்காலோட கிரிவலம் போயிட்டு, கொப்புளமும் முள் குத்தின காயமுமா நிப்பாங்க.

3/ பல வருஷம் அட்டையிலதான் எழுதிட்டு இருந்தோம். அப்புறம் இன்ஜினியரிங் முடிச்ச என் அக்கா பையன், மைஎஸ்க்யூஎல் வச்சு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தான். பழைய அட்டை எல்லாத்தையும் உக்காந்து ஏத்தினோம்.

4/ முதல் சிக்கலே பேருதான். இந்த ஊர்ல எத்தனை அண்ணாமலை, எத்தனை அருணாசலம்னு நான் சொல்லணுமா? நமக்கு குடும்பப் பேரும் கிடையாது, இனிஷியல்தான். அதையும் ஒருநாள் முன்னாடி சொல்வாங்க, ஒருநாள் பின்னாடி சொல்வாங்க. செல் நம்பரை வச்சுப் பிரிக்கலாம்னா, வீட்ல நாலு பேருக்கும் ஒரே நம்பர்.

5/ தீர்வு: ஆளுக்கு ஒரு தனி எண். அது மாறக்கூடாது, இன்னொருத்தருக்குப் போகக்கூடாது. இதுக்குப் பேர்தான் பிரைமரி கீ. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற ஆர்.சி.எச். எண், 14 இலக்க ஆபா எண், எல்லாம் இதே யோசனைதான். பேரையோ போன் நம்பரையோ கீயா வச்சிருந்தா இன்னைக்கே மாத்துங்க.

6/ இப்போ விஷயத்துக்கு வரேன். ஆசிரமம் பக்கம் பூ கட்டி விக்கிற ஒரு அம்மா. சுகர் உண்டு. கால்ல புண்ணு, சீழ் வெச்சிருந்தது. திரையில பார்த்தேன். "மருந்து அலர்ஜி: இல்லை." அமாக்சிசிலின் கலந்த மாத்திரை எழுதினேன்.

7/ சீட்டை வாங்கிட்டு எழுந்தவங்க, வாசல்ல நின்னு திரும்பினாங்க. "சார், முன்னாடி ஒருதரம் ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு அடைச்சுப் போச்சு. பென்சிலின் உனக்கு ஆகாதுன்னு சொன்னாங்க. இது அது இல்லையே?"

அதேதான். அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பம். சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழிச்சப்போ எனக்குக் கை நடுங்குச்சு.

8/ ராத்திரி அக்கா பையனைக் கூப்பிட்டேன். பார்த்துட்டுச் சொன்னான்: "மாமா, அந்த இடம் நல் மாமா. காலி. 'ஆம்'னு இருந்தா சிவப்புல காட்டு, இல்லேன்னா 'இல்லை'ன்னு காட்டுன்னு எழுதியிருக்கேன். காலியா இருந்ததும் 'இல்லை'ல போய் விழுந்துடுச்சு."

ஏன் காலி? பழைய அட்டையில அந்தக் கேள்வியே கிடையாது. நான் கேட்டதே இல்ல. தப்பு அவனோடது மட்டும் இல்ல.

9/ நல்-னா சைபர் இல்ல. வெற்று எழுத்தும் இல்ல. "தெரியாது"ன்னு அர்த்தம். 1970-ல ஐபிஎம்-ல இருந்த எட்கர் காட் எழுதின கட்டுரையிலதான் ரிலேஷனல் டேட்டாபேஸ் பிறந்தது. அதே மனுஷன் 1985-ல போட்ட விதிகள்ல, இல்லாத தகவலைச் சைபரோடயும் வெற்று எழுத்தோடயும் குழப்பாம தனியா நடத்தணும்னு ஒரு விதியே வெச்சார்.

10/ அடுத்த கூத்தைக் கேளுங்க. இப்படி எத்தனை பேர்னு எண்ணச் சொன்னேன். "அலர்ஜி = நல்"னு தேடினான். விடை சைபர். அப்பாடான்னு இருந்தது. ஆனா "ஆம்" எத்தனை, "இல்லை" எத்தனைன்னு கூட்டினா மொத்தம் வரல. பெரிய துண்டு விழுந்தது.

11/ காரணம்: தெரியாத ஒண்ணை எதோடயும் "சமமா?"ன்னு கேட்டா பதில் "தெரியாது"தான். "தெரியாது = தெரியாது"ன்னாலும் அப்படித்தான். அதனால ஒரு வரிசையும் வராது. "இஸ் நல்"னுதான் கேட்கணும். அப்படிக் கேட்டதும் வந்தாங்க பாருங்க. பாதிப் பேருக்கு மேல.

12/ சரி பண்ணினது: காலியா இருந்தா இப்போ "கேட்கவில்லை"ன்னு சிவப்புல வரும். புது ஆளுக்கு அந்த இடத்தை நிரப்பாம சேமிக்கவே முடியாது. பழையவங்களை ஒவ்வொருத்தரா வரும்போது கேட்டு நிரப்பினோம்.

13/ இதே மாதிரி இன்னொரு குழி. சுகர் டெஸ்ட் பாக்கி இருக்கறவங்க பட்டியல் எடுத்தோம். டெஸ்டே எடுக்காதவங்க யாருமே அதுல இல்ல! இன்னர் ஜாயின் போட்டா ரெண்டு டேபிள்லயும் இருக்கறவங்கதான் வருவாங்க. லேப் டேபிள்ல பேரே இல்லாதவங்க காணாமப் போவாங்க. நான் முதல்ல போன் பண்ண வேண்டியதே அவங்களைத்தான். லெஃப்ட் ஜாயின் போடுங்க.

14/ கடைசியா ஒண்ணு. அப்டேட் எழுதும்போது "வேர்" விட்டுட்டா, ஒருத்தர் நம்பரை மாத்தப் போய் எல்லார் நம்பரும் மாறிடும். மொதல்ல டிரான்ஸாக்‌ஷன் ஆரம்பிங்க. எத்தனை வரிசை மாறுச்சுன்னு பாருங்க. ஒண்ணுக்கு மேல வந்தா ரோல்பேக். பேக்கப் எடுத்தா மட்டும் போதாது. மாசம் ஒருதரம் வேற மெஷின்ல ஏத்திப் பாருங்க, உயிரோட இருக்கான்னு தெரியும்.

15/ டேட்டாபேஸ் பக்கமே போகாதவங்களுக்கு: எந்த மருந்தாவது ஒத்துக்காம தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தா, அந்த மருந்து பேரை ஒரு தாள்ல எழுதி பர்ஸ்ல வைங்க. போன்லயும் போட்டோ எடுத்து வைங்க. ஒவ்வொரு தடவையும், எந்த டாக்டர்கிட்ட போனாலும், அவர் கேட்கலேன்னாலும் சொல்லுங்க. "கம்ப்யூட்டர்ல இருக்குமே"ன்னு விட்டுடாதீங்க.

16/ அந்த அம்மாவுக்கு வேற மருந்து கொடுத்தேன். புண் ஆறிடுச்சு. இப்பவும் பூக்கூடையோட அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்து, "சார், எழுதி வெச்சீங்களா?"ன்னு கேட்பாங்க.

வெச்சிருக்கேம்மா.