வளைவுக்குப் பிறகு இறங்கும் பிரேக்

மலைநாட்டு வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதனால் பழைய ஜீப்பின் பிரேக்கைப் பற்றி யார் குறை சொன்னாலும், "காலையிலா, இறக்கத்திலா?" என்றுதான் முதலில் கேட்பேன். என்ன சத்தம் என்று கேட்டால் "கடகட", "கிரீச்", "ஒரு மாதிரி" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எப்போது வருகிறது என்பதில் அநேகமாக யாரும் தவறுவதில்லை.

இரவெல்லாம் நனைந்த வண்டி காலையில் முதல் சில மிதிகளில் கரகரத்துப் பிறகு சரியானால், டிரம்மில் பிடித்த ஈரமும் மேல்துருவும்தான். நாள் முழுக்க ஒரு பக்கம் இழுத்தால் வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், எக்ஸல் சீல் போய் லைனரில் ஒயில் ஏறியிருக்கலாம். எதையும் கழற்றுமுன் ஒவ்வொரு சில்லுக்கருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை. சிலிண்டரைக் குறை சொல்லுமுன் ரப்பர் ஹோஸைப் பார்க்க வேண்டும். வெளியே நன்றாயிருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

ஒரு தோட்டத்துப் பழைய பஜெரோ வந்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மிதி திடீரென்று ஆழம் போகும், இரண்டாவது மிதியில் உயரும். வேறொரு கராஜில் காற்று எடுத்து, மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றியிருந்தார்கள், குறை அப்படியே. டிரைவர் அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார்: "நேர் ரோட்டுல ஒண்ணுமில்ல பாஸ். நாலு வளைவு சேர்ந்தாப்ல திரும்புனாத்தான் எறங்குது."

ஹட்டன் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். அந்த ரோட்டைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது. இடப்பக்கம் திரும்பும்போது முன்னாலிருந்து மெல்லிய உறுமல். வலப்பக்கம் திரும்பினால் அடங்கியது. இடது வளைவில் பாரம் வலது சில்லில் விழும். ஜெக் போட்டு அதை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றது. ஆகவே போல் ஜொயின்ட் அல்ல, பெயாரிங். வளைவில் டிஸ்க் சாய்ந்து பேட்டைப் பின்னே தள்ளிவிடும். அடுத்த மிதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே போய்விடும். பெயாரிங் மாற்றினோம். பிரேக்கில் புதிதாக ஒன்றும் போடவில்லை.

கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலவுக்கு இறங்கும்போது மிதி மெத்தென்றானால் பிரேக் ஒயிலைச் சந்தேகிக்க வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140. கொதித்து எழும் ஆவி மிதிக்கு அமுங்கிவிடும். ஆறியதும் மிதி திரும்பி வருவதால் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பயம்.

மிதி கல்லாயிருந்தும் வண்டி நிற்காவிட்டால் வெக்கியூம் பக்கம் போங்கள். எஞ்சினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் மிதி சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஹோஸ், பூஸ்டர், டீசல் வண்டியென்றால் வெக்கியூம் பம்பையும் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல் மீண்டும் தொடங்கும்வரை பழைய வண்டிகளுக்கு மவுசு இருந்தது. அவற்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் கிடைக்கும். கியர்பெட்டி வாங்கலாம், பெயாரிங்கும் ஹோஸும் நான் புதிதாகத்தான் போடுவேன்.

தார் ரோட்டில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டு ஓட்டிவிட்டு, "வளைவில் பிரேக் பிடிக்குது, லீவரும் வரமாட்டேங்குது" என்று வருபவர்களும் உண்டு. கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வேன். முறுக்கு விட்டு லீவர் விடுபடும். அதற்குக் கூலி வாங்குவதில்லை.