பழைய இரும்பும் பழகிய கையும்

கைத்தொழில் தெரிந்தவருக்கு முதுமை இரண்டு வழியில் வருகிறது. உடல் தளர்வது ஒன்று. தொழில் செய்ய இடமில்லாமல் போவது மற்றொன்று. முன்னதற்கு வைத்தியர் உண்டு. பின்னதற்குரிய மருந்து எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. பிழைப்பை நாடி வடக்கே வந்து வேரூன்றிய பின், ஊரிலிருந்த பெற்றோரையும் அழைத்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. அவர்களுக்கு உதவக்கூடும் என்னும் எண்ணத்தால் எங்கள் இல்லத்து அனுபவத்தை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் சகோதரர் இருவர். தில்லியின் மேற்குப் பகுதியில் ஒரே குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கிறோம். எங்கள் தந்தையார் அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்புக் கடைந்து எங்களைப் படிக்க வைத்தவர். அக்காலத்துக் கடைசல் பட்டறைக்கு ஆள் இருவர் வேண்டும். மரத்தைத் தாங்கும் தண்டில் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். எங்கள் பட்டறையில் கயிறு இழுத்தவர் எங்கள் தாயார்.

தாயார் காலமான பின் தந்தையாரைத் தில்லிக்கு அழைத்து வந்தோம். உணவுக்கோ மருந்துக்கோ குறைவில்லை. ஆயினும் காலையில் பால்கனியில் அமர்ந்தால், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மாலை வரை அங்கேயே இருப்பார். பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. பேசினால், “என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்” என்பது ஒன்றே. “அங்கே யார் இருக்கிறார்கள் அப்பா?” என்று கேட்டோம். “பட்டறைத் திண்ணை இருக்குமே” என்றார். அத்திண்ணையும் விற்றுப்போய் ஆண்டுகள் ஆகியிருந்தன.

மின்சாரக் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கித் தரலாமா என்று முதலில் ஆலோசித்தோம். அவர் இசையவில்லை. அதன் வேகம் தம் கைக்கு ஒவ்வாது என்றார். மூன்றாம் மாடியில் அதன் இரைச்சலை அண்டை வீட்டாரும் பொறுக்கமாட்டார்கள். ஆகவே காலால் மிதித்து ஓட்டும் இயந்திரத்தை நாங்களே செய்வதென்று தீர்மானித்தோம். கயிறு இழுக்க இனி ஆள் இல்லை. அந்த வேலையை அவருடைய காலே செய்துகொள்ளட்டும் என்பது எங்கள் எண்ணம்.

பொருள் தேடி மாயாபுரிக்குப் போனோம். சென்னையில் காயலான் கடை என்றும், இங்கே கபாடி என்றும் வழங்குகின்ற பழைய இரும்புக் கடைகள் அங்கே தெருத் தெருவாக உள்ளன. மிதிபலகை, இணைப்புக் கம்பி, ஓரடி விட்டமுள்ள வார்ப்பிரும்புச் சக்கரம் ஆகிய மூன்றும் கெடாத பழைய தையல் இயந்திரக் கால் ஒன்று கிடைத்தது. மேலும் கீழுமாக அசையும் பாதத்தின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் அமைப்பு அதிலேயே முழுமையாக இருக்கிறது. அடுத்து, மேசைமேல் வைக்கும் சாணை மோட்டார் ஒன்றை எரிந்துபோன நிலையில் வாங்கினோம். கம்பிச்சுருள் எரிந்தால் மோட்டார் என்ற அளவில் அதற்கு ஆயுள் முடிந்தது. ஆனால் இருபுறமும் நீண்ட தண்டும், அதைத் தாங்கும் இரு பேரிங்குகளும் நேர்கோடு பிசகாமல் அப்படியே இருக்கும். அதை அசையாமல் பலகையில் பொருத்தினால் கடைசல் இயந்திரத்தின் தலைப்பகுதி ஆயத்தம். இடப்புறத் தண்டில் வார் ஓடும் கப்பி. வலப்புறத் தண்டில் மரத்தைப் பற்றும் முனை.

பழைய இரும்புக் கட்டிலின் ஆங்கிள்களை அறுத்து உடற்சட்டம் அமைத்தோம். மரத்தின் மறுமுனையைத் தாங்குவதற்கு, கூராகத் தீட்டிய தடித்த போல்ட் ஒன்று நட்டுக்குள் ஏறி இறங்குமாறு வைத்தோம். சட்டம் ஆடாதிருக்க அடியில் இரண்டு மணல் மூட்டைகள். இவை அனைத்திற்கும் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் செலவாயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

இதன் கணக்கு எளியது. நிமிடத்துக்குத் தொண்ணூறு முறை மிதித்தால் பெரிய சக்கரம் தொண்ணூறு முறை சுற்றும். அதன் விட்டம் 30 சென்டிமீட்டர். கப்பியின் விட்டம் 5 சென்டிமீட்டர். ஆகவே மரம் நிமிடத்துக்கு 540 முறை சுழலும். சிறிய சொப்புகளுக்கு இது போதிய வேகம். ஆற்றலோ குறைவுதான். நல்ல உடல்நலமுள்ள மனிதர் நெடுநேரம் தொடர்ந்து தரக்கூடிய வலிமை ஏறத்தாழ 75 வாட். அரைக் குதிரைத்திறன் மோட்டாரில் அது ஐந்தில் ஒரு பங்கே. ஆதலால் உளியை ஆழமாக அழுத்தலாகாது. மெல்லிய சீவலாக எடுக்கவேண்டும். உளியும் கூர் மழுங்காதிருக்க வேண்டும்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது சக்கரத்தின் கனம். பாதம் கீழே அழுத்தும்போது சேரும் ஆற்றலைச் சக்கரம் சேமித்து வைத்து, பாதம் மேலே எழும்போது திருப்பித் தருகிறது. இதில் விளிம்பிலுள்ள எடைக்கே மதிப்பு அதிகம். அச்சின் அருகிலுள்ள எடையால் பயன் சொற்பம். தையல் சக்கரம் இதற்குப் போதாதென்று கண்டு, அதன் விளிம்பை ஒட்டி இரும்புத் துண்டுகளைப் போல்ட்டினால் பிணைத்தோம். எதிரெதிராக வரும் துண்டுகள் ஒரே எடையாக இருக்கவேண்டும். இன்றேல் சட்டம் குதிக்கத் தொடங்கும். மளிகைக்கடைத் தராசில் நிறுத்து இணை சேர்த்தோம். மிதி உச்சியிலோ அடியிலோ நின்றுவிட்டால் சக்கரத்தைக் கையால் சிறிது தள்ளிவிடவேண்டும். தையல் இயந்திரம் மிதித்த தாய்மார்களுக்கு இது புதிதன்று.

உளிகள் லாரியின் பட்டை வில்லிலிருந்து பிறந்தன. பழைய அரத்தை உளியாக்குவோர் உண்டு. ஆனால் அரம் மிகக் கடினமானது, ஓடும் மரத்தில் சிக்கினால் ஒடிந்து தெறிக்கும். பட்டை வில்லைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, துலக்கி, மீண்டும் இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை காட்டி ஆறவிட வேண்டும். இந்த வேலையில் மட்டும் தந்தையார் எங்களை நம்பவில்லை. நாற்காலியை அடுப்பருகே போடச் சொல்லி, “இப்போது எடு” என்று தாமே பக்குவம் பார்த்துச் சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அன்றுதான்.

மனித வலிமையால் இயங்கும் கருவியைத் திருத்தி அமைப்பது நம் நாட்டில் பெரியோர் கருத்தூன்றிய காரியமே. நல்ல இராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய்ப் பரிசென்று 1929-இல் காந்தியடிகளின் முயற்சியால் அறிவிக்கப்பட்டது. 1950-களில் நாடெங்கும் பரவிய அம்பர் சர்க்கா, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பவரின் படைப்பு. அவர் பெயரிலிருந்தே அதற்கும் பெயர் வந்தது.

பழைய இரும்பு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2010-இல் இதே மாயாபுரியில் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் பழைய சாமான்களோடு கலந்து வந்து, பலர் நோயுற்றனர்; தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஆகவே மருத்துவமனை, ஆய்வுக்கூடச் சாமான்கள், இன்னதென்று தெரியாத கனத்த உலோகப் பெட்டிகள், மூடிய உருளைகள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. சைக்கிள், தையல் இயந்திரம், கட்டில், மோட்டார் என்று அடையாளம் தெரிந்தவற்றோடு நிறுத்திக்கொள்வது நலம். வாருக்கும் சக்கரத்துக்கும் தகட்டு மறைப்பு இடவேண்டும். தொங்கும் துப்பட்டாவும் நீண்ட கூந்தலும் அருகில் வரலாகாது.

ஊரில் மஞ்சள் கடம்பு கடைந்தவருக்கு இங்கே கிடைப்பது வேம்பும் சீஷமும். முதல் வாரம் மரத்தின் மேல் குறைபட்டார். இரண்டாம் வாரம் அதன் குணத்தைக் கண்டுகொண்டார். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் அது இளகி நிறமாகப் படியும். அதைக் காண எங்கள் பிள்ளைகள் பள்ளிப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நிற்கிறார்கள். வீட்டிலும் இந்தி பேசிய அந்தப் பிள்ளைகளுக்கு உளி, அரம், கடைசல், அரக்கு, சீவல் என்ற சொற்கள் இன்று தாமாக வருகின்றன. தாத்தாவுக்கு இந்தி தெரியாது. கருவியை எடுத்துக் கொடுக்க வேண்டுமானால் அதன் பெயர் தெரிந்தாக வேண்டும் அல்லவா?

ஊர் நினைவு அவரை விட்டுப் போயிற்று என்று சொல்லமாட்டோம். தை பிறந்தால் இன்றும் ஊருக்குப் போகவேண்டும் என்கிறார். ஆனால் கையில் வேலை இருந்தால், “இதை முடித்துவிட்டுப் பேசலாம்” என்று தாமே தள்ளி வைக்கிறார்.

அன்பர்களே! உங்கள் இல்லத்திலும் தச்சரோ, நெசவாளரோ, கருமாரோ, குயவரோ மூத்தவராக இருக்கக்கூடும். அவருக்கு வேண்டியது என்னவென்று கேளுங்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். பழைய இரும்பு அதைவிடப் பெரிய காரியத்துக்கு உதவும். அவருடைய கை நினைவு வைத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அவரைத் தவிர வேறு ஆசிரியர் இந்நகரில் இல்லை.