விளக்கெண்ணெய்ப் புகை

ஒருவரைப் பார்த்து "சரியான விளக்கெண்ணெய்" என்று சொன்னால் அது பாராட்டாகாது என்பது நேயர்களுக்குத் தெரிந்த விஷயம். சின்னஞ்சிறு பிராயத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்குள், என் மூக்கைப் பிடித்துக்கொண்டு அம்மா சங்கினால் புகட்டிய அந்தத் திரவத்தோடு எனக்கு அறுபது வருஷத்துப் பகை. சென்ற மாசி மாதத்தில்தான் அந்தப் பகை தீர்ந்தது. இப்பொழுது எங்கேயாவது விளக்கெண்ணெய் கருகுகிற வாடை அடித்தால், நின்று மூச்சை இழுத்து, "பேஷ்! புகை போதுமானபடி இருக்கிறது" என்று சொல்லிக்கொள்கிறேன். என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கியவன் என் தங்கையின் புதல்வன்.

பையன் திருச்சிக்கு அருகில் ஒரு கல்லூரியில் பொறியியல் மூன்றாம் வருஷம் படிக்கிறான். ஐப்பசியில் ஒரு நாள், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே ஒரு முழ நீளத்தில் ஒரு மோட்டார் வண்டி இருந்தது. குழந்தைகளுக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான் என்று எண்ணி, "சாவி எங்கே?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"சாவி கொடுக்கிற வண்டி இல்லை, மாமா! கையிலிருக்கிற ரேடியோவினால் ஓட்டுகிற பந்தய வண்டி. அசலான எஞ்சின். மூன்றரை ஸி.ஸி. நிமிஷத்துக்கு முப்பதாயிரம் தடவைக்கு மேல் சுற்றும்."

"நம் வீட்டு மின்சார விசிறி எத்தனை தடவை சுற்றும்?"

"சுமார் முந்நூற்றைம்பது."

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

மாசியில் கல்லூரிகளுக்குள் பந்தயம். வண்டிக்கு நான்கு சிநேகிதர்கள் பணம் போட்டார்கள். எஞ்சின் மட்டும் இவன் பொறுப்பு. அதற்காக என் தங்கை, தான் சீட்டுக் கட்டிச் சேர்த்ததிலிருந்து இருபதாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்திருந்தாள். அந்தச் சீட்டு எதற்காகப் போட்டதென்றால், மழை பெய்யும்போதெல்லாம் ஒழுகுகிற சமையலறைக் கூரைக்காக. "கூரை அடுத்த வருஷமும் ஒழுகும், பந்தயம் மாசியோடு போய்விடும்" என்று சொன்னாளாம். தாய்மார்களின் கணக்கே தனி.

இந்தச் சின்ன எஞ்சினின் ஜாதகத்தைக் கொஞ்சம் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நம் மோட்டார்களில் பெட்ரோலைப் பற்றவைக்க மின்பொறி உண்டு அல்லவா? இதில் பொறி கிடையாது. தலையில் 'க்ளோ பிளக்' என்று ஒன்று. அதற்குள் மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பிச் சுருள். புறப்படும்போது மட்டும் ஒரு பாட்டரியினால் அதைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் பாட்டரியை எடுத்துவிடலாம். எரிபொருளிலுள்ள மெதனால் பிளாட்டினத்தில் படுகிறபோது உண்டாகும் உஷ்ணமும், உள்ளே அமுங்கும் காற்றின் உஷ்ணமும் சேர்ந்து கம்பியை அணையாமல் வைத்துக்கொள்கின்றன.

எரிபொருளில் நூற்றுக்கு 25 பங்கு நைட்ரோ மீதேன், பத்துப் பங்குக்குச் சற்று மேல் எண்ணெய், பாக்கி மெதனால். ஒரு கிலோ பெட்ரோல் எரிவதற்கு 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ நைட்ரோ மீதேனுக்கோ 1.7 கிலோ போதும். பிராணவாயுவில் ஒரு பங்கை அது தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. கட்டுச்சாதம் கொண்டுவரும் விருந்தாளிகளானால் அதே கூடத்தில் பத்துப் பேர் அதிகமாக உட்காரலாம் என்பது போல, அதே சிறிய அறைக்குள் அதிகமான எரிபொருளைத் திணித்து எரிக்க முடிகிறது.

அந்த எண்ணெயில் ஒரு பகுதி சாட்சாத் விளக்கெண்ணெய்! முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களின் எஞ்சின்களுக்கும் இதைத்தான் வார்த்தார்கள். எத்தனை காய்ந்தாலும் உலோகத்தை விட்டு விலகாத குணம் இதற்கு உண்டாம். உலகத்திலேயே ஆமணக்கு அதிகமாக விளைவது நமது தேசத்தில், அதிலும் குஜராத்தில். டின்னின் மேலோ அயல்நாட்டு முத்திரை. நம் ஊர்க் கொட்டைதான் கப்பலேறிப் போய், வர்ண டின்னில் அடைபட்டு, பத்து மடங்கு விலையோடு பிறந்தகம் திரும்பியதோ, என்னவோ!

முக்கியமான சமாசாரம், இந்த எஞ்சினுக்கு வேறு எண்ணெய்த் தொட்டி கிடையாது என்பதே. எரிபொருளோடு கலந்து வருகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கு அபிஷேகம். கார்பரேட்டரின் பக்கத்தில் ஓர் ஊசித் திருகு இருக்கிறது. அதை உள்ளே திருகினால் எரிபொருள் குறையும், புகை குறையும், வேகம் ஏறும். ஆனால் எரிபொருள் குறையும்போது எண்ணெயும் குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது. ஆகையால் இந்த ஜாதி எஞ்சின் மிகவும் இனிமையாகப் பாடுவது, உயிரை விடுவதற்குச் சற்று முன்புதான்.

ஊசியைத் திருப்புகிற அளவு ஒரு சுற்றில் அரைக்கால். சில சமயம் அதிலும் பாதி, அதாவது மாகாணி. தாத்தா மடியில் உட்கார்ந்து கற்ற வாய்ப்பாட்டுக்கு எழுபதாவது வயதை நெருங்கும்போது உபயோகம் கிடைத்தது! எங்கள் ஊர்ச் சித்திரைத் தேரை ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் மூலையில் தேர் திரும்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் அல்லவா இருக்கிறது? ஊசித் திருகும் அப்படித்தான்.

புது எஞ்சினை முதல் சில டின் எரிபொருளுக்கு ஊசியை நன்றாகத் திறந்து வைத்து, புகை மண்ட மண்ட, மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். கார்த்திகையில் ஒரு விடியற்காலம் எங்கள் தெருவிலேயே அதைத் தொடங்கினோம். ஆயிரம் குளவிகளை ஒரு தகர டப்பாவில் அடைத்தது போன்ற சத்தம் எழும்பிற்று. கோலம் போட வந்த அம்மாள் ஒருத்தி மாவுக் கிண்ணத்தோடு உள்ளே ஓடினாள். எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, "ஸ்வாமி புறப்பாட்டுக்குக்கூட இவ்வளவு புகை போடுவதில்லையே!" என்றார். மறு நாளிலிருந்து ஜாகையைப் பொன்மலைப் பக்கத்து வெட்டவெளிக்கு மாற்றிக்கொண்டோம். எரிபொருளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறக் கூடாதாகையால், பையன் ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடப்பது வழக்கமாயிற்று.

பொன்மலை என்றதும் எனக்குத் தலை சற்றுக் கனத்துவிடும். என் தகப்பனார் அங்கே ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். நாகப்பட்டினத்திலிருந்து 1920-களில் வந்த பட்டறை அது. நீலகிரி மலை ரயிலுக்கு 2011-ல் புதிய நீராவி எஞ்சின் கட்டிக் கொடுத்ததும் அதே பட்டறைதான். நீளமான திருப்புளியின் முனையை ஓடுகிற யந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டவைத்து, "இரண்டாவது பேரிங் முனகுகிறது" என்பார் அப்பா. பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். நான் ரயில்வேயில் கணக்குக் குமாஸ்தா. ஆயினும் அப்பாவின் காது எனக்கு வந்திருப்பதாக முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1970-களில் சோழவரம் விமான தளத்தில் மோட்டார் பந்தயம் பார்த்துவிட்டு வந்து, எந்த வண்டியின் எஞ்சின் எப்படிப் பாடியது என்று ஒரு மாதம் பிரசங்கம் செய்தவன் நான். இந்தக் கர்வத்துக்கு என் தங்கை கூரைப் பணத்தில் விலை கொடுத்தாள்.

மார்கழியில் ஒரு நாள் நடுப்பகல் வெயிலில் பையன் ஊசியைப் பதமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். துப்பாக்கி போன்ற ஒரு வெப்பமானியினால் எஞ்சின் தலையின் உஷ்ணத்தைப் பார்த்தோம், 105 டிகிரி. வால் நீளத்துக்கு மெல்லிய நீலப் புகை. வண்டி மைதானத்தைச் சுற்றிப் பறந்தது. மறுநாள் பொழுது விடிந்ததும் மறுபடி போனோம். பனி விலகவில்லை. பையன் திருப்புளியை எடுத்தான்.

"என்ன செய்யப் போகிறாய்?"

"குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், மாமா. பிராணவாயு கூடுதலாக வரும்போது நேற்றுப் பகலில் வைத்த எரிபொருள் போதாது. அரைக்கால் சுற்றுத் திறக்க வேண்டும்."

"நேற்று அவ்வளவு நன்றாக ஓடியதைக் கெடுப்பானேன்? முதலில் விட்டுப் பார்."

அவன் தயங்கினான். மாமாவின் சொல்லைத் தட்டுகிற பிள்ளை அல்ல; அதுவே வினையாயிற்று. வண்டி முன்தினத்தைவிட வேகமாகப் பறந்தது. சத்தம் மேல் ஸ்தாயியில் எழும்பி, கம்பியை இழுத்தது போல நின்றது. புகை கண்ணுக்கே தெரியவில்லை. "ஆஹா! இதுவல்லவா குரல்!" என்றேன். பையன் முகம் சுருங்கிற்று. "விசையை விட்ட பிறகும் சத்தம் உடனே தணியவில்லை, மாமா. நிறுத்தி உஷ்ணம் பார்க்கட்டுமா?" என்றான்.

"இன்னும் ஒரே ஒரு சுற்று" என்றேன்.

அந்தச் சுற்றின் பாதியில் சத்தம் அறுந்தது. வண்டி கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. வெப்பமானியில் 140 டிகிரிக்கு மேல். ஆறிய பிறகு பையன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பளபளவென்று இருக்க வேண்டிய கம்பிச் சுருள் சாம்பல் பூத்து முறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு சக்கரத்தை விரலால் சுற்றினான். பிஸ்டன் மேலே வரும்போது ஸ்லீவில் இறுகி நின்று திமிற வேண்டும். அந்த இறுக்கத்தில்தான் எஞ்சினின் உயிர் இருக்கிறது. அது வழவழவென்று சுற்றிக்கொண்டு போயிற்று. பையன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாயிருந்திருக்கும். காவிரிப் பாலத்தின் மேல் வரும்போது அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பத்ரி யாத்திரைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் என்னிடம் கொஞ்சம் இருந்தது. தை பிறந்ததும் அதே அளவில் வேறொரு எஞ்சின் வந்து சேர்ந்தது. பழையதை ஒரு துணியில் சுற்றிப் பரணில் போட்டோம். தங்கையிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது தவறு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தத் தடவை எனக்கு இரண்டே உத்தியோகங்கள். ஒன்று, கடிகாரம் பார்ப்பது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எரிபொருள் குழாயைப் பையன் விரலால் நசுக்குவான். சத்தம் சற்று உயர்ந்து இரண்டு மூன்று விநாடியில் அணைந்தால் சரி. உடனே அணைந்தால் எரிபொருள் போதாது. வெகு நேரம் இழுத்தால் அதிகம். மற்றொன்று, தண்ணீர் விடுவது. என் தங்கை தோசைக்கல்லில் தெளித்துப் பார்ப்பதைப் போல, எஞ்சின் தலையில் ஒரு சொட்டு விட்டு எண்ண வேண்டும். மூன்று நான்கு எண்ணுவதற்குள் கொதித்து மறைந்தால் நல்ல பதம். 'சொய்' என்று விழுந்தவுடன் மறைந்தால் ஆபத்து. ஊசியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடையாது. நானாகவே ராஜினாமா செய்துவிட்டேன்.

பந்தய நாளன்று காலையில் நன்றாக ஓடிய வண்டி, பகல் இரண்டு மணிக்கு முணுமுணுத்தது. மாசி வெயில் ஏறியிருந்தது. பையன் வெப்பமானியைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"உங்கள் காதுக்கு என்ன கேட்கிறது, மாமா?"

அடிவயிற்றில் என்னவோ செய்தது. "நீளப் பாதையின் கடைசியில் தொண்டை கட்டினாற்போல் கரகரக்கிறது. புகையும் கூடுதல். இவ்வளவுதான் நான் சொல்வேன், எந்தப் பக்கம் திருப்புவது என்று என்னைக் கேட்காதே" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே மாகாணிச் சுற்று உள்ளே திருகினான். நான் சொட்டு விட்டு எண்ணினேன். நான்கு.

எங்கள் வண்டிக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது. முதல் சில சுற்றுக்கள் எல்லோரையும் தாண்டிப் பறந்த ஒரு வண்டி இருந்தது. அதற்குப் புகையே இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் கைகொட்டினார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கப் பார்க்க மனம் பதைத்தது. பாதிப் பந்தயத்தில் அது நின்றுபோயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு போன பையனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எஞ்சினில் மிச்சமிருந்த எரிபொருளை எரித்துத் தீர்த்து, உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றினான் பையன். மெதனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு ஏற்றிவிடுமாம். என் தங்கை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த எஞ்சின் நன்றாக உழைக்கிறது" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

"முந்தியதற்குக் கறுப்புத் தலை. இதற்கு நீலத் தலை."

பையன் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. "அண்ணா, பரணில் ஊறுகாய் ஜாடி எடுக்கப் போனேன். நல்ல கனமாயிருக்கிறதே என்று அதைப் பால் கணக்குச் சீட்டுகளின் மேல் பாரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.