எட்டு லட்சம்

சின்னம்மா மரக்காணம் அளத்தில் உப்பு வாருறவங்க. மகள் டாக்டருக்குப் படித்து, மேற்படிப்புக்காக 2021 செப்டம்பர் 11ல் நீட் எழுதினாள். அக்டோபர் 25ல் தொடங்கவேண்டிய கவுன்சிலிங் நின்றுபோனது. வருசம் எட்டு லட்சத்துக்குக் கீழே சம்பாதிக்கும் மேல்சாதியார் ஏழையா என்று உச்சநீதிமன்றத்தில் வழக்கு.

மழைக்காலம். அளத்துல வேலை கெடையாது. வட்டி மட்டும் ஓடுது. பொம்மையார்பாளையத்துக்கு என்னைத் தேடிவந்த சின்னம்மா கேட்டாங்க: "எட்டு லட்சம் வாங்குறவன் ஏழைன்னா, நாம யாருப்பா?"

2022 சனவரி 7ல் நீதிமன்றம் சொன்னது: பிற்பட்டோர் ஒதுக்கீடு செல்லும், எட்டு லட்சமும் அந்த ஆண்டுக்கு நிற்கும். 12ல் கவுன்சிலிங் தொடங்கியது.

தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் சின்னம்மா கட்டிய இந்த இரண்டரை மாச வட்டியை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?