அலைடு மேத்ஸ்

போடியில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகள். என் சித்தி இருபது வருஷமாக அப்படிப் போய்வருகிறவர். மகளுக்கு +2 ரிசல்ட் வந்த வாரம் எனக்கு போன் செய்தார்.

"தம்பி, இவ பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான் படிப்பேங்கிறா. நீ இஞ்சினியரு, சொன்னா கேப்பா. அந்தச் சும்மா டிகிரிய வச்சுக்கிட்டு என்னத்தப் பண்ண?"

சும்மா டிகிரி. பி.எஸ்ஸி.யைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு பேச்சு உண்டு. 'அதப் படிச்சா எதுக்கு வேணா போகலாம்.' 'அதப் படிச்சு எதுக்கும் ஆகாது.' ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். இரண்டும் உண்மை என்பதுதான் சிக்கல்.

நான் படித்தது எலெக்ட்ரிகல், பிழைப்பது ஜாவாவில். இத்தனை வருஷத்தில் ஒரு இன்டர்வியூவில்கூட யாரும் டிரான்ஸ்ஃபார்மர் பற்றிக் கேட்டதில்லை. கேம்பஸுக்கு வந்த கம்பெனி எந்த பிராஞ்சாக இருந்தாலும் சரி என்றது. சிவில்காரனும் மெக்கானிக்கல்காரனும் என்னோடு ஒரே பஸ்ஸில் சோழிங்கநல்லூர் போனார்கள். பார்க்கப்போனால் எப்படியும் வளைந்துகொடுக்கிற பட்டம் பி.இ.தான். பி.எஸ்ஸி.க்கும் கதவுகள் நிறைய. ஆனால் ஒவ்வொரு கதவிலும் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளோடு உட்கார்ந்து அந்தப் பொடி எழுத்தைத்தான் வாசித்தேன். டீச்சர் ஆவதென்றால் மேலே இரண்டு வருஷம் பி.எட்., பிறகு தகுதித் தேர்வு. டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகள் பலவற்றுக்கு ஏதோ ஒரு பட்டம் போதும். போட்டியைப் பற்றித்தான் கேட்கக் கூடாது. இதெல்லாம் சித்திக்கே தெரியும். தெரியாதவை வேறு. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம், ஆனால் +2வில் கணக்கு படித்திருக்க வேண்டும். எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருஷம்; அதற்கும் பல இடங்களில் +2விலோ பட்டத்திலோ கணக்கு கேட்கிறார்கள். ஐஐடிகளில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. கெமிஸ்ட்ரிக்கே சில இடங்களில் கணக்கு கேட்கிறார்கள். விப்ரோ பி.எஸ்ஸி. பிள்ளைகளை வேலைக்கு எடுத்துத் தன் செலவில் எம்.டெக். படிக்கவைக்கிறது. நான் பார்த்த அறிவிப்புகளில் பிசிக்ஸ் இருந்தது, மேத்ஸ் இருந்தது, கெமிஸ்ட்ரி இல்லை.

அவள் ப்ளஸ் ஒன்னில் எடுத்தது கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப். பதினைந்து வயதில், கணக்கு வாத்தியாருக்குப் பயந்து. பட்டத்தின் வளைவு நெளிவெல்லாம் அன்றைக்கே பாதி முடிவாகியிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அப்ப எதுக்குடி கெமிஸ்ட்ரி?" என்றேன். எரிச்சலாகத்தான்.

லீவில் அம்மாவோடு தோட்டத்து ஸ்டோருக்குப் போயிருக்கிறாள். பச்சைக் காயைக் காயவைப்பதற்கு முன்னால் சலவை சோடாத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டார்களாம். "அப்பத்தான் பச்ச நிக்கும்கிறாக. ஏன் நிக்குதுன்னு கேட்டா யாருக்கும் தெரியலண்ணே." பச்சையம் அமிலத்தில் மக்னீசியத்தை இழந்து பழுப்பாகும், காரம் அதைத் தடுக்கும் என்று பிறகு அவளே தேடிப் படித்திருக்கிறாள். ஏலத்தில் நிறத்துக்கும் பருமனுக்கும்தான் விலை. பழுத்த நிறத்தில் கிடந்தால் அதே காய்க்கு விலை இறங்கிவிடும். அம்மா பொறுக்கிப் பிரிக்கிற காயின் விலை ஒரு மூலக்கூறின் நடுவில் இருக்கிற உலோகத்தில் தொங்குகிறது என்பது அவளுக்குத் தாங்க முடியாத ஆச்சரியம். எனக்கும்தான்.

அவள் ஊரில் அந்தப் படிப்புக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலேயே நடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்கில் பூச்சிக்கொல்லி எச்சம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று பார்க்க லேப் வேண்டும், லேபுக்கு ஆள் வேண்டும். பி.எஸ்ஸி.யோடு நின்றால் அங்கே சம்பளம் சொற்பம். எம்.எஸ்ஸி.தான் அதை மாற்றும். எம்.எஸ்ஸி. என்றால் மறுபடி அந்தக் கணக்கு.

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டத்தையும் காட்டினேன். பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் இருந்தால் போதும், ஜேஇஇ வேண்டாம். நான்கு வாரம் படித்து ஒரு தகுதித் தேர்வு. பிறகு சான்றிதழ், டிப்ளமா, பி.எஸ்ஸி., பி.எஸ். என்று எந்தப் படியிலும் இறங்கிக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022இலேயே யூஜிசி அனுமதித்துவிட்டது. வளைந்துகொடுக்கும் பட்டம் என்ற பேருக்குப் பொருத்தமானது அதுதான். ஆனால் வாராவாரம் வீடியோவும் அசைன்மென்ட்டும், வீட்டில் இருப்பதோ ஒரே போன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றாள். அதுதான் சரி என்று பட்டது.

மூன்று வருஷம், உதவி பெறும் கல்லூரி, கட்டக்கூடிய ஃபீஸ். நாலு வருஷத்து பி.இ. கடனை விட இது மேல் என்று சித்தியிடம் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீயே சொல்லிட்டியா, சரி" என்று வைத்துவிட்டார்.

கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: அலைடு பாடம், விலங்கியலா கணக்கா. +2வில் கணக்கு இல்லாதவர்களை அலைடு கணக்கில் சேர்ப்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், இங்கே விட்டார்கள். சீனியர்கள் எல்லாரும் விலங்கியல்தான் ஈசி என்றிருக்கிறார்கள். அவள் கணக்கை டிக் அடித்தாள்.

முதல் இன்டர்னலில் பாஸ் மார்க் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு டிஃபரன்ஷியேஷன் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள், ராத்திரி பதினொன்றரைக்கு. மூன்றாவது வரியில் ஒரு மைனஸ் விட்டுப்போயிருந்தது.