கன்னத்துள் ஒரு கட்டி

கண்ணாடியின் முன் நின்று வாயைத் திறந்து பார்ப்பது மூன்று மாதங்களாக என் இரகசிய வழக்கமாயிருந்தது. இடக் கன்னத்தின் உட்புறத்தில் மிளகளவான ஒரு சிறு கட்டி. நோவில்லை, இரத்தமில்லை. ஆயினும் நா அதனைத் தேடித் தேடித் தொட்டது.

என் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆச்சி வெற்றிலைத் தட்டமும் பாக்குவெட்டியுமாய் வாழ்ந்தவர். வாயிற் கண்ட புண்ணைச் 'சுண்ணாம்பு சுட்டது' என்று சொல்லி மறைத்தார். உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குமென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2003 இல் அறிவித்தபோது அவர் உயிருடன் இல்லை. நான் வெற்றிலை போடாதவள். எனினும் அவருடைய மௌனத்தை முதுசமாகப் பெற்றிருந்தேன்.

ஒரு நாள் சோறு உண்கையில் அந்தக் கட்டியைக் கடித்துக்கொண்டேன். என் முகம் சுளித்ததை மகள் கண்டாள்.

"அம்மா, வாயைத் திறவுங்கோ" என்றாள். மறுநாளே பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள்.

வைத்தியர் கட்டியோடு பற்களையும் ஆராய்ந்தார். உடைந்த கொடுப்புப் பல்லின் கூரிய விளிம்பு ஓயாது உரசியதால், கன்னத்தில் நார்த்திசு திரண்டுவிட்டதென விளக்கினார். "தீங்கற்றதாகவே தோன்றுகிறது. ஆனால் தோற்றத்தை மட்டும் நம்பக் கூடாது" என்றார்.

அவர் கையாண்டது காபனீரொட்சைட்டு லேசர். இந்தியாவிற் பிறந்த குமார் பட்டேல் என்னும் விஞ்ஞானி 1964 இல் அமெரிக்காவில் ஆக்கிய கருவி அது. கண்ணுக்குப் புலனாகாத அதன் கதிரைத் திசுவிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்ள, கதிர் பட்ட இடம் ஆவியாகிறது. சிறு இரத்தக் குழாய்களும் உடனே அடைபடுகின்றன. விறைப்பூசி இட்டு, என் கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிவித்து, கட்டியை இடுக்கியாற் பற்றி அடியோடு அறுத்தெடுத்தார். சில நிமிடங்களே சென்றன. தையல் வேண்டியிருக்கவில்லை. பல்லின் கூரையும் தேய்த்து மழுக்கினார்; இல்லையேல் கட்டி மீண்டும் வளரக்கூடுமாம்.

எடுத்த கட்டியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அறிக்கை வரும்வரை கழிந்த இரவுகளில் ஆச்சியின் நினைவே எனக்குத் துணையாயிருந்தது. இறுதியில், 'தீங்கற்ற நார்க்கட்டி' என்று பதில் வந்தது. அந்தத் தாளை வாசித்த பின்னரே எனக்கு உறக்கம் வந்தது.

வாயிலே புண்ணோ, கட்டியோ, வெண்படையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அதனை மறைப்பதற்கு அது குற்றமன்று. அன்று ஆச்சியிடம் 'வாயைத் திறவுங்கோ' என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. வாசகர் வீடுகளிலேனும் ஒருவர் சொல்லட்டும்.