மேற்பூச்சின் மெய்ம்மை

களனி கங்கை கடலிற் கலக்கும் இடமாதலின், கொழும்பு நகரின் வடமுனை முகத்துவாரம் எனப் பெயர் பெற்றது. ஆற்றிலிருந்து புறப்படும் தோணி கடலுட் புகுமா என்பதை, ஆற்றின் நீளமோ கடலின் ஆழமோ தீர்மானிப்பதில்லை. இரண்டும் சந்திக்கும் அச்சிறு வாயிலே தீர்மானிக்கிறது. விளிம்பின் வல்லமையை அங்குள்ள மீனவனுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும், விளிம்பையும் மேற்பரப்பையும் மதிக்கும் பழக்கம் பொதுவாக மனிதரிடம் இல்லை. 'மேற்பூச்சு' என்னும் சொல் தமிழில் போலித்தனத்தையும் குறிக்கின்றது. உள்ளே இருப்பதே உண்மை, வெளியே பூசப்படுவது பொய் என்பது பலரின் முடிபு. இம்முடிபு எவ்விடத்தும் பொருந்துமா? விரல்நகத்தின் அகலமேயுள்ள ஒரு சிலிக்கோன் துண்டு இதற்கு விடை கூறுகின்றது.

2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். கொழும்பு மாவட்டமும் பெரிதும் பாதிக்கப்பட்டது. வீடும் வீடும் தோளுரசி நிற்கும் முகத்துவாரத்து ஒழுங்கைகளில், காய்ச்சலுற்ற பிள்ளையை மடியிற் கிடத்திய தாய்க்கு, இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரையுள்ள ஒவ்வொரு நாழிகையும் ஒரு யுகமாகும். ஒரேயொரு துளி இரத்தத்தைக் கொண்டு, நோயாளியின் அருகிலேயே விடை காண்பது எங்ஙனம்? இத்தகைய வினாவும் மயிரிழை போன்ற கால்வாய்கள் பதிந்த நுண்பாய்மத் தகடுகளை ஆராயுமாறு அறிஞரைத் தூண்டிற்று. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் வைற்சைட்ஸ் குழுவினர், 1998இல் சிலிக்கோன் இறப்பரை அச்சில் வார்த்து அத்தகைய தகடுகளை விரைவாக ஆக்கும் முறையை வெளியிட்டனர். மலிவும் ஒளிபுகும் தெளிவும் நெகிழ்வும் உடைய அப்பொருள் ஆய்வுகூடமெங்கும் பரவியது.

ஆனால், அதற்கொரு குறை உண்டு. அது நீரை வெறுப்பது. அதன்மீது விழும் நீர்த்துளி பரவாமல், சேம்பிலைத் தண்ணீர்போல் திரண்டு நிற்கும். தொடுகைக் கோணம் ஏறத்தாழ 110 பாகை. கால்வாய்க்குள் நீர் தானாகப் புகாது. புகுத்தினாலும் காற்றுக் குமிழிகள் வழிமறிக்கும். இரத்தத்திலுள்ள புரதங்களோ சுவரில் ஒட்டிக்கொள்ளும். தேடப்படும் புரதமே சுவரில் மறைந்துவிட்டால், நோய் இருந்தும் 'இல்லை' என்னும் விடை வரலாம்.

இதற்கு முதலிற் கண்ட பரிகாரம் ஒட்சிசன் பிளாஸ்மா. அது பட்ட மேற்பரப்பில் ஐதரொக்சில் கூட்டங்கள் தோன்ற, துளி உடனே பரவும். எனினும் அம்மாற்றம் நிலையானதன்று. காற்றில் வைத்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, உள்ளிருக்கும் சிறு மூலக்கூறுச் சங்கிலிகள் மேலே ஊர்ந்து வர, பழைய வெறுப்பு மீள்கிறது. ஒரு கணத்து எழுச்சியால் மட்டும் இயல்பு மாறிவிடுவதில்லை.

ஆகவே, பிளாஸ்மா பட்ட கையோடு பொலிவைனைல் அற்ககோல் போன்ற பல்பகுதியத்தின் கரைசலைக் கால்வாய்க்குள் நிரப்பி, சிறிது நேரம் தங்கவிட்டு, வெளியேற்றி, வெப்பத்தில் உலர்த்துவர். அப்பல்பகுதியம் மேற்பரப்பை ஐதரசன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டு, நீரை விரும்பும் தன் பக்கத்தை வெளியே காட்டும். இம்முறையை மீண்டும் மீண்டும் செய்ய, பூச்சு வாரக்கணக்கில் நிலைக்கும். பொலிஎதிலீன் கிளைக்கோல் பூச்சோ புரதங்கள் ஒட்டாமலும் தடுக்கும்.

இங்கே உள்ளிருக்கும் சிலிக்கோன் சிறிதும் மாறவில்லை. மாறியது கண்ணுக்குப் புலனாகாத ஒரு படலமே. அப்படலமின்றேல் தகட்டின் மற்றெல்லாக் குணங்களும் பயனற்றவை. பூச்சு பொய்யாவது பற்றுக்கோடின்றிப் பூசப்படும்போதுதான். பற்றி நிற்கும் பூச்சு உறவுக்கு வாயிலாகும். மனிதர் ஒருவரையொருவர் சந்திப்பதும் மேற்பரப்பிலேதான்: இன்சொல்லும் முகமலர்ச்சியும் அயல்மொழிக்காரனிடம் அவன் மொழியிற் கூறும் ஒரு வார்த்தையும் அத்தகைய பூச்சுகளே. ஒருநாள் எழுச்சியோடு நில்லாது, பழக்கத்தால் அவை உள்ளத்தோடு பிணைய வேண்டும். இன்றேல் பழைய வெறுப்பு உள்ளிருந்து ஊர்ந்து மேலே வந்துவிடும்.